நிழல்கை

அன்றைக்கு அப்பா ஒரு தடவைகூடச் சாகவில்லை. உலகம்மாளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

வழக்கமாக ஆவுடையப்பன் ஒரு மாலைக்கு ஏழெட்டு தடவையாவது சாவார். ‘சிதறல்’ என்கிற அந்த விளையாட்டைத் தென்காசி வீட்டு டிவியில் இறக்கிக் கொடுத்ததே உலகம்மாள்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாறைகள் சுழன்றுகொண்டிருக்கும் விண்வெளி. அதற்குள் இரண்டு சின்னக் கப்பல்கள். ஒன்றை அவர் தென்காசியில் இருந்து ஓட்டுவார், இன்னொன்றை இவள் கோயம்புத்தூரில் இருந்து ஓட்டுவாள். கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் இரண்டு குமிழ்கள் இருக்கும். இடது கட்டைவிரலால் கப்பலை ஓட்ட வேண்டும். வலது கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் குண்டு பாயும். முதல் நாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆவுடையப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“டிரைவரும் கண்டக்டரும் ஒரே ஆளாட்டி?”

முப்பது வருடம் தென்காசிக்கும் மதுரைக்கும் அரசு பஸ் ஓட்டிய மனிதர். விண்வெளிக்குப் போயும் பஸ்தான் ஓட்டினார். ஒரு பாறையை முந்துவதற்கு முன்னால் சும்மா இரண்டு குண்டு சுடுவார், அது ஹாரன். ஆட்டம் முடிந்து கிளம்பும்போதும் அதே இரண்டு குண்டு. அதற்குப் ‘போய்ட்டு வாரேன்’ என்று அர்த்தம். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சந்து தெரிந்துவிட்டால் போதும், ‘வண்டி போகும்’ என்று உள்ளே விட்டுவிடுவார். வண்டி போகாது. இடப்பக்கம் உரசியோ வலப்பக்கம் முட்டியோ வெடித்துச் சிதறுவார். உலகம்மாள் மட்டும் என்ன பெரிய ஓட்டுநரா? திருப்பத்துக்குத் திருப்பம் அப்பாவின் கப்பலை இடித்துவிடுவாள். அந்த விளையாட்டை உருவாக்கிய கூட்டத்தில் அவளும் ஒருத்தி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மா போன பிறகு ‘இங்கே வந்துருங்கப்பா’ என்று அவள் கெஞ்சாத நாளில்லை. “அங்க வந்து நான் என்ன செய்ய, லிஃப்ட்ல ஏறி ஏறி எறங்கவா?” என்பார். போனில் பேசவும் அவருக்கு வராது. போன் எப்போதும் அடுப்படியில் சார்ஜில் தொங்கும். அடித்தால் அவருக்குக் கேட்காது, கேட்டாலும் எழுந்து வர மாட்டார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஊரில் எல்லாரும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள் இல்லையா, இந்த வீட்டில் அந்த மிஸ்டு காலாகச் சிதறல் ஆகிப்போனது. மாலை ஏழு மணிக்கு அவர் கப்பல் திரையில் வந்து ஹாரன் அடித்துவிட்டால் அப்பா நன்றாக இருக்கிறார். அதற்குமேல் அவளும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இன்றைக்கும் வந்தார், ஹாரன் அடித்தார். பீளமேட்டு அலுவலகத்தின் விளையாட்டு அறையில், பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, உலகம்மாள் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். முதல் கட்டம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. அப்பா சாகவில்லை. “பரவால்லியே அப்பா!” என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். மூன்றாவது கட்டத்தில் ஒரு கூர்மையான திருப்பம் வந்தது. வழக்கம்போல இவள் கப்பல் தறிகெட்டு அவர்மேல் பாய்ந்தது. அவர் அழகாக விலகி வழி விட்டார்.

அதன்பிறகு அந்தச் சந்து வந்தது. இரண்டு பாறைகள், நடுவில் ஒரு கப்பல் அகலத்துக்கு இடைவெளி. இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் தாண்டியதில்லை. அப்பாவின் கப்பல் இரண்டு குண்டு சுட்டுவிட்டு நட்ட நடுவில் நுழைந்து, ஒரு பக்கமும் உரசாமல் வெளியே வந்தது.

உலகம்மாளுக்குப் பெருமை போய்ப் பயம் வந்தது. ஏன் என்று அவளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு, ஒரு கையால் போனை எடுத்து அப்பாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இதில் பயப்பட ஒன்றுமில்லை, அவர் என்றைக்கு எடுத்தார்? ஆட்டத்தில் இருக்கிறவர் எப்படி எடுப்பார்? திரையில் அவர் கப்பல் சமர்த்தாக இவளுக்காகக் காத்து நின்றது.

ஆனாலும் பயம் போகவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், அதை நினைக்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. நிழல்கை.

நிழல்கை அவள் எழுதியது. விளையாடுகிறவரின் நெட் ஒரு கணம் தடுமாறினால் கப்பல் நடுவானில் நின்றுவிடும், பிறகு வெட்டி வெட்டி இழுக்கும். அது தெரியாமல் இருக்க, அந்த ஒரு கணத்துக்கு மட்டும் ஆட்டமே அவருடைய கையை யூகித்துக் கப்பலை ஓட்டும். இதை அப்பாவுக்கு அவள் ஒருமுறை விளக்கியிருக்கிறாள்.

“நான் அடுத்து என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. அதுக்கு எப்படிட்டி தெரியும்?”

“ரெண்டு வருஷமா உங்க கையையே பாத்துக்கிட்டு இருக்குல்லாப்பா.”

“கண்டக்டர் கிட்டனும்தான் இருவது வருசம் என் கூடவே வந்தான். அவனுக்கே தெரியாது,” என்று சிரித்தார்.

யூகிப்பதற்கு ஒரு வரம்பு வைத்திருந்தாள். கால் விநாடிக்கு மேல் கை வரவில்லை என்றால் கப்பலை நிறுத்திவிட வேண்டும். அதுதான் முறை. ஆனால் சாரல் காலம் வந்தால் தென்காசியில் நெட் படுத்துவிடும். போன வருடம் அப்படித்தான் ஆட்டம் வெட்டி வெட்டி இழுக்க, ஆவுடையப்பன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் விளையாடவே வரவில்லை. அந்த இரண்டு நாளும் இவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்ததும் அப்பாவின் கணக்குக்கும் தன் கணக்குக்கும் மட்டும் அந்த வரம்பை எடுத்துவிட்டாள். எவ்வளவு நேரம் நெட் போனாலும் இனிக் கப்பல் நிற்காது. ஒரே ஒரு வேலைதான், ஒரே ஒரு வரி.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. கன்ட்ரோலரைத் தொடாமல் வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தூங்கிவிடும். தூங்கிய கன்ட்ரோலரும் அறுந்த நெட்டும் ஆட்டத்துக்கு ஒன்றுதான். அதனால் ஏழு மணிக்கு மீட்டிங் இருக்கிற நாட்களில் உலகம்மாள் ஆட்டத்துக்குள் நுழைந்து, அப்பாவின் ஹாரனைக் கேட்டுவிட்டு, கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். இவள் கப்பல் அவரோடு ஆடிக்கொண்டிருக்கும். அப்பாவுக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. நேற்று செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போயிருந்தாள்.

இப்போது அவள் செய்தது யோசித்துச் செய்ததில்லை. கப்பலைத் திருப்பி, வலது கட்டைவிரலை அப்பாவின் பக்கம் சாய்த்து, அவரைச் சுட்டாள்.

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட ஒருவரை ஒருவர் சுட்டதில்லை. ஆவுடையப்பனைச் சுட்டால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். முதலில் கப்பல் திகைத்து நிற்கும். அப்புறம் ‘யார்ட்ட வெளாடுத?’ என்று துரத்திக்கொண்டு வரும். விட மாட்டார்.

அந்தக் கப்பல் திகைக்கவில்லை. குண்டுகள் பாய்ந்துகொண்டிருக்கும்போதே முன்னால் இருந்த ஒரு பாறையைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டு இவள் பக்கத்திலேயே வந்தது. வெடித்தது. திரும்பப் பிறந்து வந்தது. ‘வந்துட்டேன்’ என்று இரண்டு குண்டு சுட்டது. பழையபடி இவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் மறுபடி சுட்டாள். மறுபடி வெடித்து, மறுபடி வந்து, மறுபடி ஹாரன் அடித்தது.

உலகம்மாள் கன்ட்ரோலரைச் சூடுபட்டவள்போல் மேசையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

“இம்தியாஸ்!”

இம்தியாஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். பொள்ளாச்சிக்காரன், எதற்கும் பதறாதவன். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தவன் அவள் முகத்தைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தான்.

“எங்கப்பா கணக்கைத் திறங்க. எப்பக் கடைசியா அவர் கை வந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க.”

“இப்ப ஆடிட்டுத்தானுங்களே இருக்கறாரு? திரையில தெரியுதே.”

“பாருங்க இம்தியாஸ்.”

அவன் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்றாம் முறையும் பார்த்தான்.

“நேத்து சாயங்காலம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாடிங்க. அதுக்கப்பறம் அந்தப் பக்கத்துல இருந்து ஒரு அசைவுகூட வரலீங்க.”

“டிவி ஓடுதா?”

“ஓடுது. நெட்டும் இருக்குது. கன்ட்ரோலருதான் தூங்குது. நேத்தைக்கு முழுசும், இன்னிக்கு முழுசும் நிழல்கைதான் ஆடியிருக்குது. நீங்க ஆட்டத்துக்குக் கூப்பிட்டீங்கன்னா ‘சரி’ங்கற பொத்தானையும் அதேதான் அமுக்குது. ரெண்டு வருசமா அவரு அமுக்கினதாச்சே, அதையும் கத்துக்கிச்சு.”

“நான் சுடுற வரைக்கும் அவர் சாகவே இல்ல இம்தியாஸ். அந்தச் சந்துல நட்ட நடுவுல போறார்.”

“போகுமுங்க,” என்றான் மெதுவாக. “பாதித் தடவை இடப்பக்கம் இடிச்சிருப்பாரு, பாதித் தடவை வலப்பக்கம் இடிச்சிருப்பாரு. அது ரெண்டையும் கூட்டிப் பங்கு போடுது. பங்கு போட்டா நட்ட நடுவுதானுங்க வரும். மனுசன் பண்ற தப்பு எதுவும் அதுல மிஞ்சாது.” சொல்லிவிட்டுத் திரையில் இன்னொரு வரியைப் பார்த்தான். “என்னங்க இது, நேத்து உங்க பக்கமும்…”

“தெரியும்,” என்றாள்.

நேற்று மாலை அந்த ஆட்டத்தில் இரண்டு கப்பல்கள் மணிக்கணக்காக ஒன்றையொன்று முந்தி விளையாடியிருக்கின்றன. இரண்டிலும் ஆள் இல்லை. அவள் மீட்டிங்கில் சமோசா தின்றுகொண்டு இருந்தாள். அப்பா எங்கே இருந்தார்?

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மதினிக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். ‘சாமி, நான் பண்ணின தப்புக்கு அவரைக் கேக்காதே’ என்று வாய்விட்டே சொன்னாள். மூன்றாவது தடவை இசக்கியம்மாள் எடுத்தாள்.

“என்ன உலகம்மா, அதிசயமாக் கூப்பிடுத?”

“மதினி, அப்பாவைப் பாத்தீங்களா? இன்னைக்கு, நேத்து?”

“பாக்கலியே. சாரல் சாத்துசாத்துன்னு சாத்துது, யாரு வெளிய வாரா? ஆனா வீட்லதான் இருக்காக. டமார் டுமீல்னு சத்தம் இப்பவும் கேக்கே. நேத்தும் கேட்டுச்சு. பகல் பூரா அந்தப் பாட்டு ஓடுச்சு. அண்ணாச்சி வெளாடுதாகன்னு நெனச்சோம்.”

“போய்ப் பாருங்க மதினி. ஓடுங்க. போனை வச்சிராதீங்க.”

போனில் மழைச் சத்தம் வந்தது, செருப்புச் சத்தம் வந்தது, கேட் கிறீச்சிட்டது. கதவைத் தட்டுகிற ஓசை கேட்டது. “அண்ணாச்சி! அண்ணாச்சி!” பிறகு இசக்கியம்மாளின் குரல் நிம்மதியாக வந்தது.

“உள்ள தாப்பா போட்டிருக்கும்மா. சன்னல் கண்ணாடில டிவி வெளிச்சம் தெரியுது, சுடுத சத்தம் காதைப் பொளக்கு. நல்லா வெளாடிட்டுத்தான் இருக்காக. நீ எதுக்கு இப்படிப் பதறுத?”

“மதினி, அது அப்பா இல்ல!”

சன்னலை விட்டு விலகுகிற செருப்புச் சத்தம் கேட்டது.

“அப்ப உள்ள யாரும்மா இருக்கா?” இசக்கியம்மாளின் குரல் பாதியாகிவிட்டது.

“வேற யாரும் இல்ல. ஆட்டம் தானா ஓடுது. அப்பா உள்ள விழுந்து கெடக்காங்க. காதை வச்சுக் கேளுங்க, முனங்குற சத்தம் எதாவது வருதா?”

“எங்கிட்டுக் கேக்க? இந்த வெடிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலியே…” அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். ஆளில்லாமல் ஆட்டம் ஓடுகிற வீட்டின் வாசலில் மழையில் நிற்கிறவளைக் குறை சொல்வதற்கு இல்லை. “எனக்குப் பயமாருக்கும்மா. எங்க வீட்டு ஆளுக வரட்டும்.”

உலகம்மாள் திரையைப் பார்த்தாள். அவள் தூக்கிப் போட்ட கன்ட்ரோலர் தூங்கிவிட்டிருந்தது. அவளுடைய கப்பலும் நிழல்கைக்குப் போய்விட்டது. இரண்டு கப்பல்களும் அடுத்த கட்டத்தில், ஒன்றை ஒன்று இடிக்காமல், ஒன்றும் சாகாமல், சுட்டுத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தம்தான் தென்காசியில் அப்பாவின் குரலை அமுக்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க இம்தியாஸ்.”

“உங்க கப்பலை நிறுத்தினாப் பத்தாதுங்க. அவரு கப்பல் தனியா ஆடும்.”

“அப்ப சர்வரை நிறுத்துங்க.”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். “போன வாரம் நீங்க லீவுல இருந்தப்ப, வரம்பை எடுத்த இந்தப் பதிப்பை முதலாளி சோதனைக்கு விட்டுட்டாருங்க. ‘நெட்டு அறுந்தாலும் ஆட்டம் அறாது’ன்னு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் வருது. இப்பவே பத்தாயிரம் பேரு அதுல ஆடிட்டு இருக்கறாங்க. எல்லாமே ஒரே சர்வருங்க.”

“பத்தாயிரம் பேர்ல எத்தனை பேருக்குக் கை வரல?”

அவன் தட்டிப் பார்த்தான். திரையில் ஊர் ஊராகப் பச்சைப் புள்ளிகள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் சாம்பல் நிறத்திலும் புள்ளிகள் இருந்தன. அவள் நினைத்ததைவிட அதிகமாகவே இருந்தன.

“இதுல சாப்பிடப் போனவன் யாரு, விழுந்து கெடக்கறவன் யாருன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?” என்றான் இம்தியாஸ். எதற்கும் பதறாதவனின் குரல் அப்போது நடுங்கியது. அவன் முதலாளிக்குப் போன் போடவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தானோ என்னவோ, சர்வரை நிறுத்தினான்.

திரை கறுத்தது. விளையாட்டு அறையில் ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. போனுக்குள்ளும் வெடிச் சத்தம் சட்டென்று நின்றது. மழை கேட்டது. இசக்கியம்மாள் மூச்சு விடுவது கேட்டது.

“நின்னுட்டும்மா,” என்று கிசுகிசுத்தாள். “தானா நின்னுட்டு.”

“இப்பக் கேளுங்க மதினி.”

உலகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் வேண்டாத சாமியில்லை.

“ஏ தாயீ!” இசக்கியம்மாள் கத்தினாள். “தட்டுதாக! உள்ள இருந்து தட்டுதாக! டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டு. அண்ணாச்சி! அண்ணாச்சி, இந்தா வந்துட்டோம்! யாராவது ஓடியாங்களேன்!”

கதவை உடைக்கிற சத்தம், ஆண்களின் குரல்கள், யாரோ ‘தூக்காதிய, இடுப்பு உடைஞ்சிருக்கு’ என்பது, எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. உலகம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இசக்கியம்மாள் மறுபடி போனுக்கு வந்தபோது அழுதுகொண்டே பேசினாள்.

“உசுரு இருக்கும்மா. நெனவும் இருக்கு. தொண்டை கட்டிப்போய்க் குரலே வரல, நேத்துலருந்து கத்தியிருப்பாக போல. ஆனா என்னமோ பெனாத்துதாக. ‘பிள்ள என்னைய சுட்டுட்டா, பிள்ள என்னைய சுட்டுட்டா’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்காக. தலையில அடிகிடி பட்டிருக்குமோ என்னமோ.”

அந்த வார்த்தைகள்தான் வழி முழுக்க உலகம்மாளைத் தின்றன. இம்தியாஸ் பிடித்துக் கொடுத்த வாடகைக் காரில் பல்லடம் போனது, மதுரை போனது, ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. அப்பா பார்த்திருக்கிறார். தரையில் கிடந்து டிவியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். தண்ணீருக்குத் தவித்துக்கொண்டு, மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்று காத்துக் கிடந்த மனிதரை மகள் வந்து சுட்டாள். ஒருதடவையா, இரண்டு தடவை. அதைப் பார்த்துத்தான் அவருக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது. தன் கையால் செய்தது தன்னையே சுடும் என்பதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அப்பாவையும் சுடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அப்பாவைக் கொண்டுபோயிருந்த திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போதே நன்றாக விடிந்துவிட்டது. உள்ளே போவதற்கு முன் இம்தியாஸ் போனில் கூப்பிட்டான்.

“சாம்பல் புள்ளி எல்லாத்துக்கும் போன் போட்டுட்டமுங்க. தூங்கிப்போனவங்க, டீ குடிக்கப் போனவங்க, அப்படித்தான். ரெண்டு பேரு மட்டும் எடுக்கல. அந்தந்த ஊரு போலீசுக்குச் சொல்லியிருக்கறோம்.” அடுத்ததையும் சொன்னான். “முதலாளி எப்பத் திரும்பப் போடறதுன்னு கேக்கறாருங்க. அந்த வரம்பை மறுபடி வெச்சாத்தான் போடுவேன்னுட்டேன்.”

ஆவுடையப்பன் கட்டிலில் சின்னதாகிப் படுத்திருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் தலையில் இருந்து கால்வரை ஒருமுறை கண்ணால் தடவிப் பார்த்தார்.

“உனக்கு ஒண்ணும் இல்லியே?” குரல் காற்றாகத்தான் வந்தது.

“எனக்கு என்னப்பா? உங்களுக்குத்தான்…” அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “சுட்டுட்டேன்பா. நீங்க கெடக்குறது தெரியாம உங்களைச் சுட்டுட்டேன்.”

“ஏட்டி, அழாத. கேளு.” அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். “செவ்வாக்கெழம ஒனக்காகத்தான் ஒக்காந்திருந்தேன். தண்ணி குடிக்க எந்திச்சேன், வழுக்கிட்டு. காலை அசைக்க முடியல. போனு அடுப்படியில. சரி, ஏழு மணிக்குப் பிள்ள வருவா, என் வண்டி நிக்கிறதப் பாத்துக் கண்டுபிடிச்சிருவான்னு கெடந்தேன். நீயும் வந்த. பாத்தா, என் வண்டியும் கெளம்புது. நான் இங்க தரையில கெடக்கேன், கன்ட்ரோலரு கட்டிலுக்கு அடியில கெடக்கு, வண்டி ஹாரன் அடிச்சிட்டுப் போகுது. டிரைவர் இல்லாத பஸ்ஸு.”

“ரொம்பப் பயந்துட்டீங்களாப்பா?”

“அதுக்குப் பயப்படல. ஒன் வண்டியப் பாத்தேன். திருப்பத்துல என்னைய இடிக்கல. ஒரு திருப்பத்துலயும் இடிக்கல. ஒரு தடவகூடச் சாகல. நீ என்னைக்குட்டி சாகாம ஓட்டியிருக்க?” சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. “அப்பத்தான் வெளங்குச்சு. நான் விழுந்து கெடக்கும்போது என் வண்டி ஓடுதுன்னா, ஒன் வண்டியும் அப்படி ஓடுதுன்னா நீ எங்க கெடக்க? அந்தூர்ல பிள்ள தனியா எந்தத் தரையில கெடக்காளோ, யாரு பாத்தாகளோன்னு… ராத்திரி பூரா கத்துனது எனக்காக இல்லட்டி. யாராவது ஒன்னையப் போய்ப் பாருங்கன்னு கத்துனேன்.”

உலகம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

“நேத்தும் வந்த. வந்தது நீயா மிஷினான்னு வெளங்கல. என் வண்டிதான் நல்ல பிள்ளையாட்டம் வெலகி வெலகிப் போகுதே. சரி, ரெண்டு பேரும் முடிஞ்சோம்னு நெனச்சேன். அப்பத்தான் சுட்ட.” அவருடைய கண் ஓரத்தில் நீர் இறங்கித் தலையணைக்குப் போனது. “அந்த மிஷின் எதுக்கு என்னையச் சுடப் போகுது? பிள்ளைதான் சுடுதா, பிள்ள நல்லா இருக்கா, அவளுக்குச் சந்தேகம் வந்துட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் பயமில்லாமக் கெடந்தேன்.”

நர்ஸ் வந்து சொட்டு மருந்தைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். அவள் போகும்வரை ஆவுடையப்பன் காத்திருந்தார்.

“அது சரி, செவ்வாக்கெழம ஒனக்கு என்னட்டி ஆச்சு?”

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். மயக்கம் என்று சொல்லியிருக்கலாம். கப்பலை ஆளில்லாமல் ஓடவிட்டவளுக்கு ஒரு பொய்யை ஓடவிடுவதா கஷ்டம்? ஆனால் அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் ஆகலப்பா. மீட்டிங் இருந்துச்சு. கன்ட்ரோலரை மேசையில வச்சிட்டுப் போயிட்டேன்.”

அவர் முகத்தைத் திருப்பி, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் பட்ட பயத்தை உலகம்மாள் முந்தின நாள் முழுவதிலும் படவில்லை.

“ஒண்ணும் ஆகலல்லா?” என்றார். “அப்ப சரி.”